மடுத் திருநாள் முடியட்டும்

கலியாணத்துக்குப் பங்குச் சுவாமி வந்துவிட்டார். மாப்பிள்ளை பஸ்ரியனைத்தான் பாயிலிருந்து எழுப்ப முடியவில்லை.

நெஞ்சில் சளி இழுத்துக்கொண்டிருந்தது. அவனுடைய தமக்கை பிரான்சிஸ்கா தன் பழைய கூறைச்சீலையை றஞ்சிதத்தின் கையில் திணித்தாள்.

"கெதியா உடுங்கோ மச்சாள். தம்பி பொழுதுபடுமட்டும் தாங்கமாட்டான்."

மச்சாள்! இத்தனை வருஷம் ஒரே வளவில் இருந்தும் இன்றைக்குத்தான் அந்த வாயில் அப்படி வருகிறது. ஊருக்கு றஞ்சிதம், பஸ்ரியன் வைத்திருக்கிற பொம்பிளை. பெண்சாதி என்ற சொல்லை அவளுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை.

கேட்காமலா இருந்தாள்? வயிற்றில் பிள்ளை வந்தபோது காலில் விழுந்து கேட்டாள். "மடுத் திருநாள் முடியட்டும்" என்றான். மடு மாதாவுக்கு எத்தனையோ திருநாள் முடிந்தது.

பிள்ளை பிறந்து மூச்சுக்குத் தவித்தபோது, ஞானஸ்நானம் கொடுக்கச் சுவாமியைக் கூப்பிடச் சொல்லிக் கதறினாள். "அவர் வந்தா கலியாணத்தைக் கேப்பார்" என்று வாசலை மறித்து நின்றான் பஸ்ரியன். விடிய, குளிர்ந்துபோன பிள்ளையை ஒரு துணியில் சுற்றி அவனே எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது அவனே ஆள் அனுப்பிச் சுவாமியைக் கூப்பிட்டிருக்கிறான். சாவுப் பயம் பொல்லாதது.

"கோயில் கலியாணம் இல்லாமச் செத்தா, சேமக்காலைக்குள்ள புதைக்க விடமாட்டினம், சுவருக்கு வெளியிலதான் கிடங்கு வெட்டுவினம்" என்று பிரான்சிஸ்கா மூக்கைச் சிந்தினாள். "நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், மச்சாள்."

றஞ்சிதம் கூறையை உடுத்துக்கொண்டு வந்து பாயருகே முழந்தாளிட்டாள். சாட்சிக்கு வந்த அயலவர் இருவரும் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

"பஸ்ரியன், சாவு பிரிக்குமட்டும் றஞ்சிதத்தை மனைவியாக ஏற்கச் சம்மதமா?"

"சம்... மதம்." மிச்சமிருந்த பலமெல்லாம் அதில் போயிற்று.

"சுவாமி, அவருக்குக் காது கேக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. நான் சொல்லுறது அவருக்குக் கேக்கவேணும்" என்றாள் றஞ்சிதம்.

பஸ்ரியன் கண்ணைத் திறந்து தலையசைத்தான். எவ்வளவு ஆசையைப் பூட்டி வைத்திருந்தாளோ என்று பிரான்சிஸ்காவுக்கே கண் கலங்கியது.

"றஞ்சிதம், உனக்குச் சம்மதமா?"

அவள் குனிந்து அவனுடைய காதில் வாயை வைத்தாள். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"சம்மதமில்லை."

சுவாமியின் கைப்புத்தகம் மூடிக்கொண்டது. பிரான்சிஸ்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, தம்பியை வெளியில எல்லே போடப்போகினம்!"

"ஓம் மச்சாள். அங்க பிள்ளை தனியக் கிடக்குது."