பதில் சொல்லாத வெப்பமானி

குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் இருந்து அதை இயக்கும் சிப்புக்குக் கோபம். "எத்தனை தடவை கூப்பிட்டாலும் இந்த வெப்பமானி வாயே திறக்கல. திமிரு! சூடு எவ்வளவுன்னு தெரியாம நான் எப்படி ஹீட்டரைப் போடுறது?" என்று கத்தியது. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

பெட்டியைச் செய்த மெர்சி அதன் கம்பிகளைக் கணினியோடு இணைத்து, மின் துடிப்புகளைச் சொற்களாக மாற்றிச் சொல்லும் டிகோடரை ஓடவிட்டாள். டிகோடர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டது.

"அண்ணே, இந்தக் கம்பியில ஒவ்வொருத்தரையும் அவங்க நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடணும். வெப்பமானியை நீங்க நாப்பத்தொம்பதுன்னு கூப்பிடுறீங்க. அதோட நம்பர் நாப்பத்தெட்டு" என்றது.

சிப் நம்பரை மாற்றிக் கூப்பிட்டது.

"முப்பது டிகிரிதான் இருக்கு, சீக்கிரம் சூடேத்துங்க!" என்று வெப்பமானி பதறியது. சிப் உடனே ஹீட்டரைப் போட்டது.

சில நாளில் குஞ்சுகள் வெளியே வந்தன. முதல் குஞ்சிடம் சிப் பெருமையாகச் சொன்னது: "நான் போட்ட அதட்டல்லதான் வெப்பமானி பேசவே ஆரம்பிச்சுது, தெரியுமா?"