பதினேழு பிள்ளைகளின் தகப்பன்

முதலில் வம்புக்கு வந்தது தலைமை நர்ஸ்தான். லிஃப்ட்காரர் தன் பாட்டுக்கு இருந்தவர். பிரசவ ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளை மேலே ஏற்றுவார், பிள்ளையோடு கீழே இறக்குவார். பிள்ளைகளுக்கும் அவருக்கும் அவ்வளவுதான் சம்பந்தம்.

அப்படிப்பட்டவருக்குப் போன் வந்தது.

"வாழ்த்துகள் சார்! உங்க பாப்பாவுக்கு இன்னிக்கு அஞ்சாம் நாள். தாய்ப்பால் பத்துதா? பத்தாது சார். எங்க பால் பவுடர்..."

"யாருக்கும்மா பாப்பா? எனக்கு வயசு அறுபத்திரண்டு!"

"அதனாலென்ன சார், வாழ்த்துகள்!"

ஒரு மணி நேரம் சண்டை போட்டார். மறுநாளும் போன். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் எடுத்தது அவர் சம்சாரம்.

"பாப்பாவா? எத்தனை?"

"இந்த நம்பருக்குப் பதினேழு இருக்கும்மா. ஆஸ்பத்திரியில கொடுத்த லிஸ்ட்."

அவள் பெட்டியை இழுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். முப்பத்தைந்து வருஷத்துக் குடித்தனம் ஆட்டம் கண்டது.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுடி!"

"ஒண்ணும் தெரியாமலா பதினேழு?"

பெட்டியும் கையுமாக நின்றவளை அப்படியே வார்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே தலைமை நர்ஸ், பால் பவுடர் ஏஜெண்டிடம் சிரித்துச் சிரித்து ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே போன் நம்பர்.

ஏஜெண்ட் படியிறங்கியதும் லிஃப்ட்காரர் நர்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு தர்றான் நர்ஸம்மா? தாய்மாரை வித்தது போதாதுன்னு என் குடும்பத்தையும் சேர்த்து வித்துட்டீங்களே!"

"மெதுவா அண்ணே, குழந்தைங்க தூங்குது." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சாம் நாள் ஒவ்வொருத்தியும் வலியில அழுதுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. அப்போ பார்த்துப் போன் போட்டு, பால் பத்தாதுன்னு பயமுறுத்துவாங்க. நல்லாப் பால் இருக்கறவளும் டப்பா வாங்குவா. பிள்ளை மார்ல குடிக்கிறது குறையும், பாலும் குறையும். போன மாசம் மட்டும் நாலு பேருக்கு இப்படிப் பால் வத்திப்போச்சு. லிஸ்ட் கொடுத்தே ஆகணும்னு மேலிடத்துல உத்தரவு. பேரைக் கொடுத்தேன். நம்பரெல்லாம் உங்களோடது."

சம்சாரம் பெட்டியைக் கீழே வைத்தாள்.

லிஃப்ட்காரர் விடவில்லை. "ஊர்ல வேற நம்பரே இல்லையா? ஏன் என்னோடது?"

"வேற யாரா இருந்தாலும் ராங் நம்பர்னு வெச்சிடுவாங்க. நீங்க ஒரு மணி நேரம் சண்டை போடுவீங்க. அந்த ஒரு மணி நேரம் பவுடர் கம்பெனிப் பொண்ணால வேற ஒரு தாய்க்குப் போன் போட முடியாது."

சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லிஃப்ட்காரருக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அதற்காக விட்டுவிட முடியுமா?

"அதெல்லாம் இருக்கட்டும். மன்னிப்புக் கேளுங்க."

"கேக்கறேன் அண்ணே. முதல்ல போனை எடுங்க, அடிக்குது."

எடுத்தார். ஒன்றேகால் மணி நேரம் பேசினார். மன்னிப்பு இன்னும் வந்து சேரவில்லை.