போண்டாவின் கட்டிகள்

மிருக மருத்துவமனையின் காத்திருப்பு அறை முழுக்கப் பூனைகள். மஸ்ஜித் தானாவில் பூனை வளர்க்காத வீடே இல்லை போலிருக்கிறது. நடுவில் ஒரே ஒரு முயல், காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு கூடைக்குள் பதுங்கியிருந்தது.

முயலின் பெயர் போண்டா. குட்டியில் உருண்டையாக இருந்ததால் அனுசியா வைத்த பெயர். அப்போது கட்டிகள் கிடையாது.

இப்போது இருக்கின்றன. வயிற்றோரம் ஒன்று, முன்னங்கால் இடுக்கில் ஒன்று, முதுகில் எலுமிச்சம்பழ அளவில் ஒன்று. முதுகில் இருப்பதுதான் வம்பு. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டது அதுதான்.

அனுசியாவின் முழுக்கை ரவிக்கையைப் பார்த்து "அடக்கமான பிள்ளை" என்று மெச்சிய அதே வாய், அடுத்த நிமிடம் போண்டாவைப் பார்த்து "ச்சீ" என்றது. வருங்கால மாமியார் வாய். எதிர்த்துப் பேச முடியுமா?

"கல்யாணத்துக்கு முன்னாடியே வெட்டி எடுத்துடலாம்லா அனு, செலவு நான் பாத்துக்கிறேன்" என்றான் மாப்பிள்ளை யுவனேஸ்வரன்.

கெட்டவன் இல்லை. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல், கண் சிவக்க, இந்த முயலுக்காக மைவி காரை ஓட்டிக்கொண்டு வந்தவன். கூடையைக்கூட அவன்தான் தூக்கி வந்தான். முயலைத் தொடச் சொன்னால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

ஆவணியில் திருமணம். புக்கிட் ரம்பாயில் வாடகை வீடு பார்த்தாகிவிட்டது. போண்டாவும் அங்கே வரப்போகிறது, அதில் அவனுக்கு மறுப்பில்லை. கட்டிகள் வரக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் போண்டாவுக்கு வயது ஏழு. முயலுக்கு அது கிழட்டு வயது. மயக்க மருந்து கொடுத்தால் எழுந்தாலும் எழும், எழாமலும் போகும். வந்து போகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக ஓர் உயிரை மேசையில் கிடத்துவதா? நினைக்கும்போதே அனுசியாவுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தம் பூனையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

உள்ளே டாக்டர் போண்டாவைத் தடவிப் பார்த்தார். ஊசி குத்திப் பார்த்தாயிற்று, வெறும் கொழுப்புதான் என்றார்.

அனுசியா ஒவ்வொன்றாகக் கேட்டாள். மலாயில், நிறுத்தி நிதானமாக, பக்கத்தில் நிற்பவன் காதிலும் விழும்படி.

வலிக்குமா? டாக்டர் அவளைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்துவிட்டு, வலிக்காது என்றார். புற்றாக மாறுமா? இது மாறாது. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டாது, தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

பிறக்கிற குட்டிகளுக்கு வருமா?

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். காயடித்த ஆண் முயலுக்கு ஏது குட்டி? யுவனேஸ்வரனும் சேர்ந்து சிரித்தான்.

அனுசியா சிரிக்கவில்லை. பதில் வராமல் நகர மாட்டேன் என்பதுபோல் நின்றாள்.

வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். "தாக் பாயா" என்று முடித்தார். வெட்ட வேண்டியதில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. காருக்குள் உட்கார்ந்ததும் அனுசியாவின் முழுக்கைச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

யுவனேஸ்வரன் சாவியைத் திருகப் போனவன் நிறுத்தினான். யோசித்துத்தான் பேசினான். பெருந்தன்மையாகத்தான் பேசினான்.

"சரி, டாக்டரே வேணாம்னா விட்டுடுவோம். ஆளுங்க வந்தா மட்டும் உள்ள வச்சி மூடிடு. யாருக்கும் தெரியாது."

முயல் பிழைத்தது. அனுசியாவின் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால், சிரித்துவிட்டுச் சும்மா இரு என்று விலாவில் இடித்திருப்பாள்.

மூடிவிடு, யாருக்கும் தெரியாது. இதையேதான் அம்மாவும் அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சொல்லி வந்தாள். நிச்சயத்தன்று காலையிலும் சொன்னாள். தாலி ஏறும் வரைக்கும் மூடியே இருக்கட்டும் என்றாள்.

"மூட மாட்டேன். யார் வந்தாலும் அது ஹால்லதான் இருக்கும்" என்றாள் அனுசியா.

ஒரு முயலுக்கு இவ்வளவு வீம்பா என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

அவள் சட்டைக் கையின் பித்தானைக் கழற்றினாள். முழங்கைக்கு மேல் வரை சுருட்டிவிட்டாள். அடுத்த கையையும் சுருட்டினாள்.

மணிக்கட்டுக்கு மேலே, தோலுக்கடியில், சிறிதும் பெரிதுமாகக் கட்டிகள். போண்டாவின் முதுகில் இருப்பதைப் போலவே. பதினாறு வயதில் அவற்றைத் தடவிப் பார்த்த டாக்டரும் தாக் பாயா என்றுதான் சொல்லியிருந்தார்.

போண்டாவுக்குக் கத்தி வேண்டாம் என்பது போன மாதமே அவளுக்குத் தெரியும். போண்டாவோடு தனியாக வந்து, ஊசி குத்திப் பார்க்கச் சொல்லி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். இன்று கேட்டதெல்லாம் இவன் காதில் விழுவதற்காக.

கூடையைத் திறந்து போண்டாவைத் தூக்கி, அந்தக் கைகளிலேயே ஏந்திக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டையை இறக்கிவிடவில்லை.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.