தண்ணீர் மாதிரி இருந்த புட்டி

ஆய்வுக்கூட மேசையில் இரண்டு புட்டிகள் இருந்தன. இரண்டிலும் ஒரே வாழைமரத்து நார்தான். முதல் புட்டியில் வெறுமனே அரைத்த நார், வெள்ளை வெளேரென்று தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது புட்டியின் நாரை ஆக்சிஜனேற்றம் செய்து, கண்ணுக்கே தெரியாத இழைகளாகப் பிரித்துத் தண்ணீரில் கலந்திருந்தார்கள்.

"என்னைப் பார், எவ்வளவு இருக்கேன்! நீ எங்கேடா போனே?" என்றது வெள்ளை நார்.

"இங்கேதான் அண்ணே இருக்கோம்" என்றன இழைகள்.

"யாருக்குத் தெரியுது? வெறும் தண்ணின்னு கொட்டிடப் போறாங்க!"

சொல்லி வாய் மூடவில்லை. ஆராய்ச்சியாளர் கோமளா அவசரமாக வந்தார். புட்டிகளுக்கு லேபிள் ஒட்ட மறந்தவர் அவர்தான். வெறும் தண்ணீரென்று நினைத்து, கழுவி வைக்கலாமென்று இரண்டாவது புட்டியை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

"அடடா, ஜெல் ஆயிடுச்சு!" என்று துள்ளினார் கோமளா. ஒப்பிட்டுப் பார்க்க முதல் புட்டியையும் கவிழ்த்தார். வெள்ளை நார் தொபுக்கென்று தொட்டியில் விழுந்தது.

விழுந்த இடத்திலிருந்தே அது அண்ணாந்து பார்த்தது. "உள்ளே எத்தனை பேர்ப்பா இருக்கீங்க?"

"எண்ண முடியலை அண்ணே" என்றன இழைகள், தலைகீழாகத் தொங்கியபடி. "எல்லார் கையிலயும் தண்ணி இருக்கு."