பஞ்சின் அழுக்கு

செடிகள் நட்டு மீன் விட்ட தொட்டி அது. அதன் கண்ணாடிக்குத் தன் பளபளப்பில் கர்வம் அதிகம். மூலையில் நீரை வடிகட்டிக்கொண்டிருந்த பஞ்சைப் பார்த்துத் தினமும் முகம் சுளிக்கும்.

"பச்சைச் செடி, சிவப்பு மீன் எல்லாம் என் வழியாக எவ்வளவு அழகாகத் தெரிகிறது. நடுவில் நீ ஒருத்தன், கன்னங்கரேலென்று. யாராவது வந்தால் எனக்குத்தான் தலைகுனிவு."

பஞ்சு கூசிப்போய்ச் செடிக்குப் பின்னால் ஒடுங்கப் பார்க்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரி பஞ்சை எடுத்துப்போய், குழாய்த் தண்ணீரில் கசக்கிக் கசக்கிப் பிழிந்தாள். அது வெள்ளைவெளேரென்று திரும்பி வந்தது.

"இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருக்கிறாய்" என்றது கண்ணாடி.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன.

"என்ன ஆயிற்று இவற்றுக்கு?"

"மீன் கழிவின் விஷத்தைத் தின்று தீர்க்கும் கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர்கள் என் அழுக்கில்தான் குடியிருந்தன" என்றது பஞ்சு. "எனக்கு அது தெரியும். வெளுக்கிற ஆசையில் வாயைத் திறக்கவில்லை."

ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. அது கண்ணாடி வழியாகத் துல்லியமாகத் தெரிந்தது.

தன்மேல் கொஞ்சம் பாசி படர்ந்தால் தேவலை என்று கண்ணாடிக்கு முதல்முறையாகத் தோன்றியது.