எதிர்சாரி மெஷின்

அல்லிநகரத்தில் பதினெட்டு வருடமாக ஸ்கேன் சென்டர் நடத்தும் டாக்டர் ஜாஸ்பருக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் பாட்டிலும் கையுமாக அவருடைய வாசலில் உட்கார்ந்திருந்த கூட்டமெல்லாம் இப்போது எதிர்சாரியில், டாக்டர் தமிழ்மாறனின் புது மெஷினுக்காகக் காத்துக் கிடந்தது.

மனைவி எப்சிபாவைக் கூப்பிட்டார்.

"அவனுக்கு ஒன்னயத் தெரியாது. வயித்து வலின்னு நடிச்சுப் போயிப் படு. அப்படி என்னதான் கிழிக்குது அந்த மெஷினுன்னு பாத்துட்டு வா."

ஒரு மணி நேரத்தில் அவள் ரிப்போர்ட்டோடு திரும்பினாள்.

"கணையத்துல சுண்டக்கா அளவு கட்டியாம். ஆரம்பந்தானாம். உடனே மதுரைக்குப் போகச் சொன்னாக."

ஜாஸ்பர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதமாயிற்று.

"மாட்டுனான்! நடிக்கப் போனவளுக்கே கட்டின்னு எழுதியிருக்கான். இல்லாதத இருக்குன்னு காட்டுற மெஷினு! இந்த ரிப்போர்ட்ட ஊரெல்லாம் காட்டுறேன், பாரு."

எப்சிபா சிரிக்கவில்லை.

"நான் நடிக்கலேங்க. ஆறு மாசமா வலிக்குது. நம்ம மெஷின்ல மூணு தடவ பாத்துட்டு, வெறும் கேஸ் டிரபிள்னு நீங்கதான சொன்னீக?"