பொம்மிக்கு ஒரு கடிவாளம்

"கையைத் தளர்த்துங்க சார், என் விரல் போயிடப் போகுது!"

தயாளன் பதறிப்போய் தோல் வாரையே விட்டுவிட்டான்.

"ஐயோ, விடவும் கூடாது. விட்டா குதிரை யாரை நம்பும்? லேசாப் பிடிங்க."

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் இருக்கும் அந்தக் குதிரை லாயத்துக்கு அவன் இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் தீபலட்சுமி, "கடிவாளக் கடையிலருந்துதானே வர்றீங்க?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் கடிவாளத்தின் வாரைக் கையில் திணித்துவிட்டாள். குதிரையின் வாய்க்குள் இருக்க வேண்டிய கம்பியைத் தன் விரல்களில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி எதிரே நின்றாள்.

"இப்ப நான்தான் பொம்மி. இடது பக்கம் திருப்புங்க, பாக்கலாம்."

நிஜப் பொம்மி பக்கத்தில் கொள்ளு மென்றபடி வேடிக்கை பார்த்தது. தயாளனின் பார்வை அதன் வாய்ப் பக்கமே போனது.

"வாயோரம் தழும்பா இருக்கே?"

"அதான் சார். இவ ரொம்ப சென்சிட்டிவ். யாராவது வெடுக்குனு இழுத்தா தலையை உதறிடுவா. இன்னொரு பிள்ளையைக் கீழ தள்ளினா வித்துடுவேன்னு ஓனர் சொல்லிட்டாரு. வலிக்காத கம்பியாப் பாத்தே ஆகணும்."

தயாளனுக்குப் பாவமாகிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பினான்.

"இது நடுவுல ஒரே மூட்டு. பாக்குவெட்டி மாதிரி நாக்கை நெருக்கும். வேணாம்." அடுத்ததை எடுத்தாள். "இது ரொம்ப மெல்லிசு, வாயை அறுக்கும்."

கடைசியாக ரப்பர் சுற்றிய தடித்த கம்பி. தயாளன் திருப்பினான். அவளும் அதே பக்கம் சுகமாகத் திரும்பினாள்.

"ஆங்! வலிக்கவேயில்ல." கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "போன வாரம் ஒருத்தர் வந்தாரு. இதே கம்பிதான். அவரு இழுத்த இழுப்புல என்னால சப்பாத்தி மாவு பிசைய முடியல."

"அப்புறம்?"

"டீ கொடுத்து அனுப்பிட்டோம். எவ்வளவு மெத்துனு கம்பி போட்டாலும் கை முரடா இருந்தா என்ன சார் பிரயோஜனம்?"

இதற்கு மேலும் மறைப்பது தப்பு என்று தயாளனுக்குப் பட்டது. வாரைப் பத்திரமாகக் கீழே வைத்தான்.

"மன்னிச்சுக்கங்க. நான் கடை ஆள் இல்ல. குரோம்பேட்டையில பல் டாக்டர். உங்கம்மாதான்... பொண்ணு லாயத்துல இருக்கா, அங்கேயே போய்ப் பாத்துடுங்கன்னு அனுப்பினாங்க."

ஏமாற்றிவிட்டான் என்று நினைத்திருப்பாளோ? இந்தச் சம்பந்தமும் போச்சு என்று நினைத்தபோது, வந்த வேகத்திலேயே இவளைப் பிடித்துப்போனது அவனுக்கே தெரிந்தது. பயந்துகொண்டே நிமிர்ந்தான்.

தீபலட்சுமி நிதானமாகக் கண்ணைத் திறந்தாள். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, போனை எடுத்தாள்.

"பொம்மிக்கு இந்த ரப்பர் கம்பியைப் போன மாசமே வாங்கியாச்சு டாக்டர்" என்றவள், போனில் சொன்னாள்: "அம்மா, இவருக்கு வெறும் டீ வேணாம், பஜ்ஜிக்கு மாவு கரைங்க."